மூடியில் வைத்த சந்தனம்

ஆயுத பூஜைக்குப் பேரன் டிராக்டருக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தான். டீசலும் சந்தனமும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும், "டேங்க் மூடியில வெக்காதடா!" என்று கத்திவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், என் சின்ன வயதில், கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் கிணற்று மேட்டிலும் இதே வாசனைதான். மாடு கட்டி இறைத்த தண்ணீர் போதாமல் நிலக்கடலை வாடிக்கொண்டிருந்ததால், ஊரிலேயே முதல் ஆளாக அப்பா எண்ணெய் எஞ்சின் வாங்கியிருந்தார். பெரியப்பா அதன் உச்சி முதல் அடி வரை சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடி நின்றது. கைப்பிடியை எத்தனை முறை சுற்றிக் கிளப்பினாலும் அப்படித்தான்.

"சாமி குத்தம்டா தம்பி. ஒரு கோழி அறுத்துரலாம்," என்றார் பெரியப்பா.

அக்கா தர்மபுரியில் விடுதியில் தங்கி எட்டாவது படித்தாள். பொட்டப்புள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று அப்பாவை ஓயாமல் ஏசியவர் இந்தப் பெரியப்பாதான். லீவுக்கு வந்திருந்த அவள் எஞ்சினைச் சுற்றிவந்தாள்.

"மூடியில சின்ன ஓட்டை இருக்குதுங்கப்பா. அது வழியா காத்து போனாத்தான் எண்ணெய் கீழ எறங்கும். சந்தனம் அடைச்சிக்கிச்சுங்க. வாத்தியாரம்மா டின்னுல ஓட்டை போட்டுக் காட்டுனாங்க."

தாவணி முனையால் துடைத்து, கொண்டை ஊசியால் குத்திவிட்டாள். எஞ்சின் அப்புறம் நிற்கவே இல்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீரோடு கடைசிப் பாத்தி வரைக்கும் நடந்தார். அந்த வருஷம் எங்கள் காட்டில் இரண்டு போகம் விளைந்தது.

நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே பேரன் மூடியைத் துடைத்தான். "அப்புறம் உங்க பெரியப்பாவும் எஞ்சின் வாங்குனாரா?"

"அதுக்கு அவருக்கு ரொம்ப வருஷம் ஆச்சுடா. மவளப் பள்ளிக்கூடத்துல சேக்க மட்டும் அடுத்த ஜூனுக்கே வண்டி கட்டிட்டாரு."