பண்ணை வீட்டு மேசையில் கிடந்த கடிதம்

எனக்கு வர வேண்டிய ஒரு கடிதம் வரவில்லை. கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் அந்த ஆனி மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரியமான சபையாரே, சாட்சி சொல்லச் சொன்னால் தொண்டை கட்டிக்கொண்டது என்று இத்தனை வருஷமாக நழுவிக்கொண்டிருந்தேன். எழுதுவதற்குத் தொண்டை வேண்டாம் என்று போதகர் சொல்லிவிட்டார். இனி தப்ப முடியாது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பண்ணை வேலை. எங்கள் தெருவில் பி.ஏ. முடித்த முதல் ஆள் நான். மேற்கொண்டு டில்லியில் சர்வதேச விவகாரம் எம்.ஏ. படிக்க, உபகாரச் சம்பளத்தோடு சேர்த்து விண்ணப்பித்திருந்தேன். அது என்ன படிப்பென்று தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. "நாடுங்களுக்குள்ள வர்ற சண்டையத் தீத்து வைக்கிற படிப்பு" என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "மொதல்ல ஒங்க அப்பனுக்கும் சித்தப்பனுக்கும் தீத்து வைய்யிடா" என்று அத்தை கேலி செய்வார்.

அந்த ஆசை வந்தது தாலுகா ஆபீசில். கூலித் தகராறு வந்தால் அங்கே முத்தரப்புப் பேச்சு நடக்கும். மிராசுதார்கள் ஒரு பக்கம், எங்கள் ஆட்கள் ஒரு பக்கம், நடுவில் தாசில்தார். காலேஜில் படிக்கிறவன் என்று அப்பா என்னையும் கூட்டிப்போவார். மத்தியானம் வரை யாரும் இறங்கி வர மாட்டார்கள். பிறகு டீ வரும். டீ குடிக்கும்போது யாராவது ஒருவர் ஏதோ சொல்வார், காகிதத்தில் ஒரு வரி ஏறும். அந்த ஒரு வரியில் எனக்கு அப்படி ஒரு மயக்கம். நாடுகளும் இப்படித்தான் பேசிக்கொள்ளுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

எங்கள் தெருவுக்குப் பெயர் கிடையாது. வீடுகளுக்கு எண் கிடையாது. மனையெல்லாம் பண்ணையாருடையது. தபால்காரர் எங்கள் தெருவுக்கு வர மாட்டார். எங்கள் கடிதங்களைப் பண்ணை வீட்டு மேசையில் போட்டுவிட்டுப் போவார். வேலைக்குப் போன யாராவது சாயங்காலம் எடுத்து வருவார்கள். அதனால் தெருவுக்கே ஒரே விலாசம்தான். நம் பெயரை எழுதி, கீழே பண்ணையார் பெயரைப் போட்டு, அவர் மேற்பார்வை என்று எழுத வேண்டும். டில்லி விண்ணப்பத்திலும் யோசிக்காமல் அதையே எழுதிவிட்டேன். உலக விவகாரம் படிக்கப் புறப்பட்டவனுக்கு உள்ளூர் விவகாரம் உறைக்கவில்லை.

விண்ணப்பம் போன கொஞ்ச நாளில் தகராறு முற்றியது. கூலி உயர்த்திக் கேட்டதற்குப் பண்ணையார் குறுவை நடவுக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார். குடியிருக்கும் மனையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீசும் வந்தது. தெரு கூடி ஒரு முடிவு எடுத்தது. நம் ஆள் ஒருவரும் இனி பண்ணை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அந்த முடிவை எழுந்து சொன்னவர் என் அப்பா.

ஆனி பிறந்தும் கடிதம் இல்லை. கீழ்வேளூர் தபாலாபீசுக்கு நடந்தேன்.

"டில்லிக் கவரா? பெருசா ஒண்ணு வந்துச்சே தம்பி. பண்ண வீட்டுல அப்பவே போட்டாச்சே" என்றார் அங்கிருந்தவர்.

அப்போதுதான் என் முட்டாள்தனம் எனக்குப் புரிந்தது. எங்கள் தெருமுனையில் நின்றால் அந்த வீட்டின் தூண்கள் தெரியும். என் வாழ்க்கை அங்கே ஒரு மேசையில் கிடந்தது. டில்லிக்கு எழுதிப் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அப்பாவிடம் கேட்டேன். "ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேம்ப்பா."

"நீ போனா நாளைக்கு நாலு பேரு போவான். அப்பறம் தெருப்பேச்சுக்கு என்னய்யா மதிப்பு? எனக்கும் ஆசதான். ஒனக்காவ அந்த வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நிக்கலாம்னுதான் இருக்கு. முடியலய்யா" என்றார். அவர் கண் கலங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதன் பிறகு அவரிடம் நான் கேட்கவில்லை.

எங்கள் கீற்றுக்கொட்டகை ஆலயத்தில் போய் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, கடிதத்தைக் கொடும்" என்பது ஒரு வரி. மிச்சமெல்லாம் சாபம். அந்தக் குடும்பம் விளங்கக் கூடாது, அந்த வீட்டில் விளக்கெரியக் கூடாது என்று வரிசையாகக் கேட்டேன். சத்துருக்களைப் பற்றி வருகிற சங்கீதங்களாகப் பொறுக்கிப் பொறுக்கி வாசித்தேன். பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த அம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஏன்டா, ஜெபம் பண்றியா, பிராது குடுக்குறியா?"

இப்படியே இரண்டு வாரம் போயிற்று. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பாட்டு நடுவிலேயே நின்றது. எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். பண்ணையாரின் மருமகள் நின்றிருந்தார். கமலா என்று பெயர். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் இருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் எங்கள் தெருவுக்குள் வந்ததே கிடையாது. அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கையில் ஒரு பழுப்புக் கவரோடு நின்றார்.

"இங்க செல்வராஜ்ங்கிறது யாருங்க?"

எழுந்தேன். அந்த வீட்டிலிருந்து யாரும் என் பெயருக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

"நான் மாயவரத்துக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். நேத்துதான் வந்தேன். மேசையில பழைய பேப்பருக்கு அடியில இது கெடந்துச்சு. நானும் காலேஜ் போனவதான். கவரப் பாத்ததுமே முக்கியமானதுன்னு தெரிஞ்சுபோச்சு. மன்னிச்சுக்குங்க."

பண்ணையார் வேண்டுமென்றே வைத்திருந்தாரா, மறந்து போனாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கவர் பிரிக்கப்படாமல் இருந்தது. பிரித்தேன். செவ்வாய்க்கிழமை காலை சென்னையில் நேர்முகத் தேர்வு.

கமலா அக்கா திரும்பி நடக்க, அம்மா ஒரு சொம்போடு பின்னால் ஓடினார். "தாயி, இந்த வெயில்ல வந்திருக்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போம்மா." அவர் வாங்கிக் குடித்தார். அதையும் தெரு முழுக்கப் பார்த்தது.

பிறகு யாருக்கும் கை நிற்கவில்லை. போதகர் தன் வெள்ளைச் சட்டையைக் கொடுத்தார். அதன் அரைக்கை என் முழங்கைக்குக் கீழே தொங்கியது. அத்தை புளிச்சோறு கட்டினார். அப்பா ஸ்டேஷன் வரை என் பையைத் தூக்கி வந்து, ரயில் புறப்படும்வரை என் தோளிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

நேர்முகத்தில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டி, "நிரந்தர முகவரியில் இன்னொருவர் பெயர் இருக்கிறதே, உறவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தட்டுத்தடுமாறி, உள்ளதை உள்ளபடி சொன்னேன். தெருவின் முடிவையும் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பேச்சு முறிந்த இரண்டு தரப்பில் யார் முதலில் நடந்து வர வேண்டும்?" என்று கேட்டார். "அதைப் படிக்கத்தான் சார் வந்திருக்கிறேன்" என்றேன். மூவரும் சிரித்தார்கள். எனக்கு இடம் கிடைத்தது. ஸ்தோத்திரம்.

டில்லியில் முதல் குளிர்காலத்தில், அம்மா சொல்லச் சொல்லப் போதகர் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. அன்று எங்கள் தெருவுக்கு வந்து போனதற்காக அந்த வீட்டில் யாரும் கமலா அக்காவோடு மாதக்கணக்கில் பேசவில்லையாம். அவரைத் தாய் வீட்டுக்கும் அனுப்பவில்லையாம். விடுதி அறையில் உட்கார்ந்து அழுதேன். அந்த வீடு விளங்கக் கூடாது என்று நான் கேட்ட நாட்களில் அவரும் அந்த வீட்டுப் பெண்தான். என் ஜெபத்தில் ஒரு வரியை மட்டும் கேட்டுக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிட்ட ஆண்டவரிடம் அன்றைக்குத்தான் மனதார மன்னிப்புக் கேட்டு ஜெபித்தேன்.

பிற்பாடு எங்கள் தெருவுக்கு மனைப்பட்டா கிடைத்தது. அது தெரு பட்ட பாடு. என் பங்கு அதில் ஒன்றுமில்லை. நான் படித்த பாடத்தையே காலேஜில் கற்றுக்கொடுத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். கமலா அக்கா சென்னையில் பிள்ளைகளோடு இருக்கிறார். மாயவரத்து மயூரநாதரைக் கும்பிடுகிறவர். உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "ஒங்க சாமி அனுப்புச்சா, எங்க சாமி அனுப்புச்சாங்கிறத நீங்க ஒங்க இஷ்டத்துக்கு எழுதிக்குங்க தம்பி. நான் பொடிநடையா வந்தேன்னு மட்டும் எழுதுங்க, செருப்பையும் மீறிக் கால் சுட்டுப்போச்சு" என்றார்.

பிரியமானவர்களே, உங்களுக்கும் வராத கடிதம் ஒன்று இருக்கும். கேளுங்கள். அழுது கேளுங்கள். என்னைப் போல இரண்டு வாரம் கோபித்துக்கொண்டும் கேளுங்கள், அவர் பொறுத்துக்கொள்வார். ஒன்று மட்டும் செய்யுங்கள். யார் வீடு விளங்கக் கூடாது என்று நினைக்கிறீர்களோ, அந்த வீட்டுக்காக இன்றைக்கு ஒரு நல்ல வார்த்தை ஜெபித்துவிடுங்கள். உங்களுக்காக நடந்து வரப் போகிறவர் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்.