ஆற்றிக் குடித்த பியர்

என் அத்தான் செபஸ்தியாம்பிள்ளைக்கு ஓர் அமெரிக்க பியர் கம்பனியோடு தீராத கோபம். லண்டன் வால்தம்ஸ்டோவில் அவருடைய கடைக்குப் பால் வாங்க வந்தவரையும் மறித்துவைத்து அந்தக் கதையைச் சொல்லுவார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கலியாணமான புதிதில் அத்தானும் என் அக்கா கத்தரினும் அமெரிக்காவில் மில்வோக்கி நகரில் இருந்தார்கள். அங்கே 'கோல்டன் ஹெறன்' என்று, போத்தலில் கொக்குப் படம் போட்ட ஒரு பியர். ஜெர்மன்காரக் குடும்பம் ஒன்று காய்ச்சியது. அக்கம்பக்கத்து ஊர்களைத் தாண்டினால் அதன் பெயரைக் கேட்டவரே இல்லை. வேலை முடிந்து வந்ததும் அத்தான் அக்கா கையால் அதைத்தான் வாங்கிக் குடிப்பார். பிறகு இருவரும் லண்டனுக்கு வந்துவிட்டார்கள். மில்வோக்கியில் அந்தக் குடும்பம் ஆலையைப் பெரிய கம்பனி ஒன்றுக்கு விற்றது. வாங்கியவன் பார்லியைக் குறைத்துச் சோளப்பாகைச் சேர்த்தான். கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூவிலும் கை வைத்தான். அவனிடம் வாங்கியவன் ஆலையையே பூட்டிவிட்டு வேறு மாநிலத்தில் காய்ச்சினான். போத்தலில் கொக்குப் படம் மட்டும் மாறவில்லை.

ஒருமுறை அமெரிக்காவில் கலியாணவீட்டுக்குப் போன அத்தான் அதைக் குடித்துவிட்டு, "கழுதை மூத்திரம்!" என்று போனில் எனக்குக் கத்தினார். நானா காய்ச்சினேன்?

அக்கா செத்தபிறகு அந்தக் கோபம் வேறு விதமாகிவிட்டது.

"இமா, அவளின்ர முகம் படத்தில இருக்கு, குரல் போனில கிடக்கு," என்றார் ஒருநாள். "நாங்கள் ரெண்டு பேரும் தனியா இருந்த அந்தக் காலம்தான் ஒண்டிலயும் இல்லை. அது அந்த ருசியிலதான் இருந்தது."

போன மாதம் அந்த ஜெர்மன்காரரின் பேரப்பிள்ளைகள் பெயரைத் திரும்ப வாங்கி, பழைய முறைப்படியே காய்ச்சுகிறார்கள் என்று செய்தி வந்தது. அத்தான் எப்படியோ ஒரு பெட்டி வரவழைத்துவிட்டார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு என்னையும் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கிளாஸில் ஊற்றி, சிலுவை போட்டுக்கொண்டு குடித்தார்.

முகம் விழுந்துவிட்டது.

"இதுவும் இல்லை. நாக்கில குத்துது. அப்ப சும்மா வழுக்கிக்கொண்டு இறங்கும். பேரப்பிள்ளையளும் கள்ளர்!" என்றார். பிறகு சத்தம் தாழ்ந்தது. "இனி எங்க போய்த் தேடுறது?"

கண் கலங்கியிருந்தது. ஆம்பிளை அழுதால் எனக்குப் பார்க்க ஏலாது, எரிச்சல்தான் வரும். எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன். இரண்டு பேணிகளில் மாற்றி மாற்றி ஆற்றும்போது அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தரினும் இப்பிடித்தான் ஆத்துவாள்."

"அவதானே எனக்குப் பழக்கினவ."

"பியரையும் இப்பிடித்தான் ஆத்துவாள்."

"என்னது?"

"ஊரில அவள் பியரைக் கண்டவளே? ஆத்தாமல் குடுத்தால் மரியாதையில்லை எண்டு நினைச்சாள் போல. புதுப்பொம்பிளை, மனம் நோகுமெண்டு நானும் வாய் திறக்கேல்லை. பிறகு அதுவே பழகிப்போச்சு."

"அட மாதாவே! உங்களுக்கு மூளை எண்டு ஒண்டு இருக்கோ அத்தான்? ஆத்தின பியரைக் குடிச்சுப்போட்டு இவ்வளவு காலமும் கம்பனிக்காரனைத் திட்டினியளே!"

அவர் விழித்தார். கம்பனிக்காரன் மாற்றியது பொய்யில்லை. ஆனால் அத்தானின் நாக்கு தேடியது வேறு. நான் இன்னொரு போத்தலைத் திறந்து பேணியில் ஊற்றி ஆற்றினேன். நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. "விசரே உனக்கு?" என்று கத்தினார். நான் விடவில்லை. வாயு போய் நுரை அடங்கியதும் பேணியை அவர் முன்னால் வைத்தேன்.

ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். முழுவதையும் குடித்து முடித்துவிட்டு வெறும் பேணியை என்னிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் கையை உயர்த்தி ஆத்து, இமா. அவள் உன்னைவிட உயரமெல்லோ."