சேர் கேட்ட சாமி

விழுப்புரத்து டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இடுப்பில் ஒரு டிஸ்க் நழுவி நரம்பை நசுக்குகிறது, ஆபரேஷன்தான் வழி என்றார். படுக்கை காலியானதும் போன் செய்வார்களாம். அதுவரை திண்டிவனத்தில் வீட்டோடு இருக்கச் சொன்னார். காத்திருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் இடது காலுக்குத்தான் இருந்தது.

பகலில் அந்தக் கால் நல்ல பிள்ளை. விளக்கை அணைத்துப் படுத்தால் போதும், இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை கரண்ட் அடிக்கும். குப்புறப் படுத்தேன், ஒருக்களித்துப் படுத்தேன், முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்தேன். கடைசியில், தரையில் மல்லாந்து இரண்டு கால்களையும் பிளாஸ்டிக் நாற்காலி மேல் தூக்கிப் போட்டால் கொஞ்சம் தேவலை என்று கண்டுபிடித்தேன். கொசுவலைக்கு உள்ளே நான், வெளியே என் பாதங்கள். அவற்றைத் திண்டிவனத்துக் கொசுக்கள் கவனித்துக்கொண்டன. வலி வெட்டும்போது கத்தினால் பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது என்பதால், நாக்கைக் கடித்துக்கொள்ளப் பழகியிருந்தேன்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வளவனூரிலிருந்து வந்த என் மனைவியின் தம்பி வைத்தியத்தோடு நிறுத்தவில்லை. "முதுவுல கத்தி வெச்சா அவ்ளோதான் மாமா. எங்க தெருவுல ஒருத்தரு இன்னும் படுத்துக்கினே கிறாரு" என்று சொல்லிவிட்டு, காபியை நிதானமாகக் குடித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து போன் அடித்தால், எடுக்காமல் அது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது. போகாமலே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மனைவியிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. அவளும் ஆபரேஷனைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளுக்குத் தைரியம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அமாவாசை வந்தது. "எப்படியும் நைட்டு தூங்கப் போறதில்ல. மேல்மலையனூர்ல வந்து முழிச்சிக்கினு இருங்க, புண்ணியமாவது கெடைக்கும்" என்றாள் மனைவி. நின்றால் வலி குறைவு என்பதால், பஸ்ஸில் இரக்கப்பட்டு எழுந்து இடம் கொடுத்தவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டே அங்காளம்மன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அம்மன் ஊஞ்சலுக்கு வரும் நேரம். கூட்டம் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. நானும் காலை மடக்கி உட்கார்ந்தேன். பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து நரம்பு வெட்டியது. இரண்டு கைகளும் மேலே போக, உடம்பு உதற, பழக்கதோஷத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு துள்ளி எழுந்தேன்.

சுற்றி இருந்தவர்கள் சட்டென்று விலகி வட்டம் கட்டினார்கள். "ஆத்தா வந்துட்டா" என்றது ஒரு குரல். நெற்றியில் குங்குமம் அப்பினார்கள், கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள், முகத்துக்கு நேரே கற்பூரம் காட்டினார்கள். உட்கார்ந்தால் மறுபடி வெட்டும். நின்றால் நான் சாமி. நின்றேன்.

"இன்னா வேணும் தாயி, சொல்லு" என்று ஒரு பெரியம்மா கும்பிட்டார்.

"சேரு" என்றேன்.

அங்காளம்மன் இதுவரை யாரிடமும் சேர் கேட்டதில்லை போலிருக்கிறது. கூட்டம் ஒரு கணம் யோசித்தது. ஆனாலும் எங்கிருந்தோ ஒன்று தலைகளுக்கு மேலாக வந்து சேர்ந்தது. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா தன் மகளுக்கு எப்போது கல்யாணம் கூடும் என்று கேட்டார். தை மாதம் என்றேன். வேட்டி கட்டிய ஒருவர், போர் போட்டும் தண்ணீர் வரவில்லை என்று முறையிட்டார். இன்னும் ஆழமாகப் போடச் சொன்னேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

என்னைக் காப்பாற்றுவாள் என்று மனைவியைத் தேடினேன். அவளுக்கு என் காலும் தெரியும், நாக்கும் தெரியும். வந்து ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். அவளோ வரிசையில் நின்றிருந்தாள். முறை வந்ததும் கிட்டே வந்து கைகூப்பினாள். சிரிப்பை அடக்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஆபரேசன் பண்ணா அவரு எழுந்து நடப்பாராம்மா?"

அது விளையாட்டா வேண்டுதலா என்று எனக்குப் புரியவில்லை. இன்றுவரை நான் கேட்கவும் இல்லை. ஊராருக்கெல்லாம் வாய்க்கு வந்ததை அளந்தவன், சேரை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றேன். இத்தனை நாளும் நான் மட்டும்தான் பயந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

"நடப்பான்" என்றேன். "நீ அழாத."

"சரிம்மா" என்றாள், என்னைப் பார்த்து.

பெரியம்மா நீட்டிய தட்டிலிருந்து கோயில் பிரசாதச் சாம்பலை எடுத்து அவள் நெற்றியில் வைத்துவிட்டேன்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எடுக்காமல் விட்டுவிடத்தான் தோன்றியது. ஆனால் அவளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வர்றேன் என்று சொன்னேன்.