உப்பக்காவின் வலப்பக்க நாக்கு

பஸ் டிப்போ கேன்டீனின் சாப்பாட்டு மேசைகளில் தண்ணீர் ஜக் இருக்கும், கை துடைக்கத் துணி இருக்கும், உப்பு மட்டும் இருக்காது. ஒரு காலத்தில் வைத்துப் பார்த்தார்கள். யாரும் தொடாமல் அது கட்டிதட்டிப் போனதால் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெருமை முழுக்க அங்கே சமைக்கிற ஒருத்திக்குச் சேர வேண்டியது. டிரைவர்களும் கண்டக்டர்களும் அவளுக்கு உப்பக்கா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் வேலை முடிந்து அவளோடு வீடு வரைக்கும் வந்து, கடைசியில் கட்டின புருஷனே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவள் ருசி பார்க்கும் விதமே தனி. கரண்டி நுனியில் எடுத்து, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, ஊதி, நாக்கால் வழித்து, இடப்பக்கக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடுவாள். வலப்பக்கம் கொண்டுபோகவே மாட்டாள். அந்தக் கடைவாயில் ஒரு சொத்தைப் பல் குடியிருந்தது. சூடு பட்டால் உச்சி மண்டை வரைக்கும் சுண்டி இழுக்கும். பிடுங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் பல் டாக்டரின் நாற்காலிக்குப் பயந்து அவள் அந்தத் தெருப் பக்கமே போக மாட்டாள். அதனால் வருஷக்கணக்காகச் சோறு, தண்ணீர், ருசி எல்லாமே இடப்பக்கத்துப் பாதையில்தான் போய்வந்துகொண்டிருந்தன.

அதே அடுப்படியில் காய் நறுக்குகிறவள் அவளுடைய நாத்தனார். புருஷன் வீட்டில் ஐந்து பிள்ளைகள். மூத்தவர் வாயே திறக்க மாட்டார். இரண்டாமவர் திறந்தால் கொட்டாவி விடத்தான். மூன்றாவதுதான் உப்பக்காவின் புருஷன். டிப்போவில் டயர் மாட்டுகிற வேலை. ஆமாம், இல்லை என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்திவிட்டார். நாலாவது ஒரு பெண், வாக்கப்பட்டுத் தூரமாய்ப் போனவள், அவளும் ஊமைச் சிரிப்போடு சரி. இந்த நாலு பேரும் பேசாமல் மிச்சம் வைத்ததையெல்லாம் மொத்தமாக வாங்கிக்கொண்டு பிறந்தவள் கடைக்குட்டி. சின்னவள் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"இவளுக்கு நாக்கு ரொம்ப நீளம்" என்று உப்பக்கா நாளுக்கு ஒரு முறையாவது சொல்லாமல் இருந்ததில்லை.

"உங்களுக்கு நாக்கு ருசிக்கு, எனக்குப் பேச்சுக்கு. ஆளுக்கு ஒரு வேலை அண்ணி" என்பாள் சின்னவள்.

காது வியாதி உப்பக்காவுக்குப் பிறந்த வீட்டுச் சொத்து. அவள் அப்பாவுக்குக் காதில் சீழ் வரும். அப்பாவின் தங்கைக்கும் வரும். அந்த அத்தை பஞ்சு வைத்துக்கொண்டே கல்யாணப் பேச்சுக்கு உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கெல்லாம் சம்பந்தமில்லாமல் பதில் சொன்ன கதை இன்றைக்கும் வீட்டில் ஓடுகிறது. உப்பக்காவுக்கு இடது காது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, எலும்பு வரைக்கும் அரித்துவிட்டது என்று தெரிந்தபின் ஆபரேஷன் செய்துகொண்டாள். காது நன்றாக ஆறியது. அவள் படுத்திருந்தபோது சின்னவள்தான் கரண்டி பிடித்தாள். சாப்பிட்டவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. காது வலியைவிட அதுதான் உப்பக்காவைக் குடைந்தது.

திரும்பி வந்த அன்று பருப்பும் காயும் போட்டு சூப் கொதித்தது. உள்ளங்கையில் சொட்டு விட்டாள், வழித்தாள். சப்பென்றிருந்தது. உப்பு போட்டாள். மறுபடியும் சப்பென்றிருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் வழியாக முதல் தட்டு திரும்பி வந்தது. வெளியூர் வண்டி ஓட்டுகிற கட்டைக்குரல் டிரைவர் தலையை நீட்டினார்.

"அக்கா, இன்னிக்குக் கடல் தண்ணியிலயா சமைச்சீங்க?"

"என்ன சொல்றீங்க?"

"உப்பக்கான்னு பேரு வெச்சது நாங்கதான். அதுக்காக இப்படியா நிரூபிக்கணும்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தண்ணீர் ஜக்குகள் காலியாகி, திரும்ப நிரம்பி, திரும்பக் காலியாயின.

உப்பக்கா பழியை அண்டாவின் மேல் போட்டாள். அவள் லீவில் இருந்தபோது வாங்கின புது அண்டா அது. வாயில் எந்நேரமும் இரும்பைச் சப்பின மாதிரி ஒரு ருசி இருந்ததால் அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. நார் தேயத் தேய்த்தாள். தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துக் கொட்டினாள்.

"அலுமினிய அண்டால இரும்பு ருசி எப்படி அண்ணி வரும்?"

"எல்லாத்துக்கும் உனக்கு ஒரு கேள்வி!"

பழைய அண்டாவை இறக்கிச் சமைத்தும் சூப் உப்புக் கரித்தது. கேன்டீன் மேனேஜர் கோபக்காரர் இல்லை. சங்கடமான விஷயம் பேசும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று வெகுநேரம் துடைத்தார்.

"இந்த வாரம் பாருங்கம்மா. அப்பவும் சரியா வரலேன்னா கரண்டி சின்னவங்க கையிலயே இருக்கட்டும். நீங்க காய் நறுக்குங்க. வேலை எங்கயும் போயிடாது."

வேலை போகாது, சரி. பேர் போய்விடுமே! உப்பு போட முடியாத உப்பக்காவை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? அந்த எரிச்சலில் அவள் சின்னவளைப் பார்த்துச் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள்.

"நான் அந்தப் பக்கம் திரும்பினதும் நீதாண்டி ஒரு பிடி அள்ளிப் போடற. கரண்டி ருசி கண்டுட்டே."

சின்னவள் வாய் திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவள் பதில் சொல்லாமல் விட்ட பேச்சு அது ஒன்றுதான். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் உப்பக்கா உப்பு டப்பாவை இடுப்பிலேயே இடுக்கிக்கொண்டாள். சின்னவள் அடுப்புப் பக்கமே வரவில்லை. தூர பெஞ்சில் முதுகைக் காட்டிக்கொண்டு பீன்ஸ் கிள்ளினாள். அண்டாவையும் உப்பக்காவையும் தவிர அங்கே யாரும் இல்லை. அப்படியும் ஜன்னலில் தட்டு திரும்பி வந்தது. டிரைவர் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

கை கழுவும் தொட்டிக்கு மேல் மாட்டியிருந்த கண்ணாடி முன் நின்று, உப்பக்கா ஒரு சிட்டிகை உப்பை எடுத்து நாக்கின் இடப்பக்கத்தில் வைத்தாள். மணல். நறநறப்பு தெரிந்தது, குளிர்ச்சி தெரிந்தது, உப்பு தெரியவில்லை. கரைந்து தொண்டைப் பக்கம் போனபோதுதான் உப்பு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரிந்தது. சாப்பிடும்போது ஏதோ ருசி இருந்துகொண்டே இருந்ததும், உள்ளங்கைச் சொட்டில் மட்டும் ஒன்றுமில்லாமல் போனதும் இதனால்தானா?

பெஞ்சுக்குப் போனாள்.

"ஏடி, நீ ஒண்ணும் பண்ணலடி. என் நாக்குதான் செத்துப் போச்சு."

"தினம் உங்க சமையலையே தின்னா நாக்கு சாகாம என்ன பண்ணும்?" என்று முதுகைக் காட்டியபடியே சொன்ன சின்னவள், பதிலுக்குத் திட்டு வராததால் திரும்பிப் பார்த்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் பீன்ஸைக் கீழே வைத்தாள்.

"இந்த இரும்பு ருசி எப்ப ஆரம்பிச்சுது?"

"காது ஆபரேஷனுக்கு அப்புறம்."

"அப்ப எந்திரிங்க. காது டாக்டர்கிட்டயே கேப்போம்."

டாக்டரம்மா நாலைந்து பஞ்சுக் குச்சிகளை எடுத்தார். ஒன்று உப்புத் தண்ணீரில், ஒன்று சர்க்கரையில், ஒன்று புளிப்பில், ஒன்று கசப்பில். நாக்கை நீட்டச் சொல்லி இடப்பக்கம் தடவினார். ஒன்றுமில்லை. வாய் கொப்பளிக்கச் சொல்லி, வலப்பக்கம் தடவினார்.

"உப்பு!" என்றாள் உப்பக்கா. நாக்கை உள்ளே இழுக்காமலே சொன்னதால் அது வேறு என்னவோ போல் கேட்டது. ஆனாலும் மூன்று பேருக்கும் புரிந்தது.

டாக்டரம்மா கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். "நாக்கு நடுவுல ஒரு கோடு தெரியுதா? ரெண்டு பாதி. பாதிக்குப் பாதி தனித்தனி நரம்பு. இந்தப் புள்ளி புள்ளியா மேடு இருக்கு பாருங்க, அதுக்குள்ளதான் சுவை மொட்டு ஒளிஞ்சிருக்கு. கண்ணுக்குத் தெரியாது. உப்பு அங்க வந்து இறங்கினதும் நரம்பு வழியா மூளைக்குச் சேதி போகணும். முன்பக்க நாக்குலருந்து கிளம்பற நரம்பு நூல் மாதிரி, காதுக்குள்ள நுழைஞ்சு, செவிப்பறையை ஒட்டித்தான் மேல போகுது."

"நாக்குக்குப் போறது காதுக்குள்ள என்ன வேலையா வருது?"

"அது பாதை அப்படி. ஆபரேஷன்ல அது கொஞ்சம் இழுபட்டிருக்கு. பின்பக்க நாக்குக்கு வேற நரம்பு. சூடு, காரம் தெரியறதுக்கு வேற நரம்பு. அதெல்லாம் நல்லா இருக்கு."

"நுனியில இனிப்பு, பின்னாடி கசப்புன்னு என் பொண்ணு புஸ்தகத்துல படம் போட்டிருந்துதே?" என்றாள் சின்னவள்.

"அந்தப் படம் தப்பு. எல்லாப் பக்கத்துக்கும் எல்லா ருசியும் தெரியும்." டாக்டரம்மா உப்பக்காவிடம் திரும்பினார். "ருசி கொஞ்ச நாள் மாறலாம்னு முன்னாடியே சொன்னேனேம்மா?"

"எந்தப் பக்கம் நின்னு சொன்னீங்க?"

டாக்டரம்மா யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "இடது பக்கம்."

"அந்தக் காது கேட்டிருந்தா நான் ஏன் டாக்டரம்மா உங்ககிட்ட வரேன்?"

நரம்பு அறுபடவில்லை, மாசக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பலாம், ஆனால் சத்தியம் செய்து கொடுக்க முடியாது என்று டாக்டரம்மா உள்ளதைச் சொன்னார். சுவை மொட்டுகள் பழசு உதிர்ந்து புதுசு முளைத்துக்கொண்டே இருக்கிற ஜாதி என்றும் சொன்னார். "அதுவரைக்கும் வலது பக்கம் முழுசா இருக்கே. அதுல பாருங்க."

"அங்க பல்லு இருக்கு" என்று உப்பக்கா முனகினாள்.

"பல்லு வேணுமா, கரண்டி வேணுமா?" என்றாள் சின்னவள்.

மேனேஜர் சொன்ன வாரம் முடியுமுன் உப்பக்கா பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார வைத்தார்கள் என்பதுதான் சரி. ஒரு கையைப் புருஷன் பிடித்துக்கொண்டார், ஒரு கையை நாத்தனார். வலிக்குமா என்று அவரைக் கேட்டாள். "இல்லை" என்றார். அவருக்கு இரண்டு சொல்தானே தெரியும், அதில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மரத்துப்போன வாயோடு அவள் எழுந்தபோது பல் தட்டில் கிடந்தது. இத்தனை வருஷம் பயமுறுத்தினது இத்துனூண்டா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈறு ஆறும்வரை மேனேஜரிடம் தவணை கேட்டது சின்னவள்தான். கரண்டி அண்ணி கையில், சொட்டு சின்னவள் உள்ளங்கையில்.

"உன் நாக்கு நீளம்னு இத்தனை நாளாத் திட்டினேன்" என்றாள் உப்பக்கா. "இப்ப அந்த நீளம்தாண்டி அண்டா வரைக்கும் எட்டுது."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா கொஞ்சம் குறைச்சுப் பேசியிருப்பேனே!"

"நீயா?"

ஈறு ஆறின அன்று உப்பக்கா கரண்டி நுனியில் எடுத்து, உள்ளங்கையில் சொட்டு விட்டு, ஊதி, வழித்து, முதன்முறையாக வலப்பக்கம் ஒதுக்கினாள். கண்ணை மூடினாள். பல் இருந்த குழியைத் தாண்டிச் சூப் போனது. பருப்பின் இனிப்பு முதலில் வந்தது, தக்காளியின் புளிப்பு அடுத்து, கடைசியாக உப்பு, வீட்டுக்குள் தயங்காமல் நுழைகிற சொந்தக்காரர் மாதிரி வந்து உட்கார்ந்தது.

"உப்பு ஒரு கல்லு ஜாஸ்தி" என்றாள்.

"சரியா இருக்கு அண்ணி."

"ஜாஸ்தின்னா ஜாஸ்தி. ரெண்டு உருளைக்கிழங்கை நறுக்கிப் போடு."

"நேத்து வரைக்கும் என் நாக்கு வேணும், இன்னிக்கு வேண்டாமா?"

"உன் நாக்கு பேசறதுக்குடி!"

ஜன்னலில் கட்டைக்குரல் டிரைவர் தட்டோடு வந்து நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் திரும்பி, "வாங்கய்யா, உள்ள சண்டை நடக்குது. சூப் சரியாத்தான் இருக்கும்" என்று குரல் கொடுத்தார்.

உருளைக்கிழங்கு போட்டார்களா இல்லையா என்பதில் இரண்டு பேரும் இன்றைக்கும் வேறு வேறு கதை சொல்கிறார்கள். ஆனால் அன்று மேசைகளிலிருந்து தண்ணீர் ஜக்குகள் பாதிக்கு மேல் நிறைந்தே திரும்பி வந்தன. கண்ணாடியைத் துடைக்காமலே மேனேஜர் இரண்டாம் முறை சூப் கேட்டு வாங்கினார்.