நடைக்கும் துணிக்கும் சம்பந்தம் சொன்னவன்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஒற்றைக் குழித்தறியில் தொடங்கி, பெருந்துறைப் பக்கம் இருபத்து நான்கு விசைத்தறி ஓடும் கொட்டகை போட்டேன். தண்ணீர் வராது என்று மூன்று பேர் கைவிரித்த காட்டில் கிணறு வெட்டினேன். கோவையில் மாடி வீடு கட்டினேன். மகளை மொழியாராய்ச்சி செய்யும் பேராசிரியருக்குக் கட்டிக்கொடுத்தேன். எதற்கும் எவனும் தோள் கொடுக்கவில்லை.

அந்த மாப்பிள்ளை பின்லாந்து, எஸ்தோனியா பக்கத்து மொழிகளின் பழைய சொற்களைத் தேடுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டில் சோறு இருக்கக் கை காய உட்கார்ந்திருந்தார்.

“என்னுங்க மாப்ள, கொழம்புல உப்பில்லீங்களா?”

“ஒரு சொல்லுல சிக்கிக்கிட்டேனுங்க மாமா. துணிக்கு அங்கெ ‘கங்கஸ்’ம்பாங்க. பக்கத்து ஜெர்மானியச் சனங்ககிட்ட, நடைங்கற அர்த்தத்துல இருந்த சொல்லை வாங்கியிருப்பாங்கன்னு ஒரு கருத்து. நடைக்கும் துணிக்கும் என்னுங்க சம்பந்தம்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நடக்காம துணி எங்கீங்க வரும்? எந்திரிங்க.”

மொட்டைமாடியில் ஆறு நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு, நாற்காலிக்கு நாற்காலி நூலை மாற்றி விட்டபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். தறியில் நீளவாட்டில் நிற்கும் நூல்தான் பாவு. எங்கள் தெருவில் கழி நட்டு அப்படித்தான் பாவு போட்டோம். ஒரு சேலைக்கு எத்தனை நடை என்று என் முழங்காலைக் கேட்டால் சொல்லும்.

“அவிங்களும் இப்படித்தானுங்க நடந்திருப்பாங்க. பாவுக்கு நடைன்னு பேரு வெச்சாங்க, அது துணிக்கே ஒட்டிக்கிச்சு.”

“மாமா, நீங்கதானுங்க புரொபசரு!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

போன மாதம் அவர் புத்தகம் வந்தது. மகளைப் படித்துச் சொல்லச் சொன்னேன். பாவு நடை ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. நான் இல்லை. முன்னுரையில் நூலகருக்கு நன்றி, கணினி பழுது பார்த்தவருக்கு நன்றி.

நேரிலேயே கேட்டுவிட்டேன். “நீங்க சொன்னது வாய்ச்சொல்லுங்க மாமா. எழுத்துல ஆதாரம் இருந்தாத்தானுங்க போட முடியும்” என்றார்.

அவருடைய பழஞ்சொல் மட்டும் எழுத்தில் இருக்கிறதா? இன்றைய மொழிகளை ஒப்பிட்டு, இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து, முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டு அச்சடிக்கிறார். யாரும் எழுதிவைக்காத சொல்லுக்கு இடம் உண்டு, மகளைக் கொடுத்த மாமனுக்கு இல்லை.

“விடுங்கப்பா, குடும்பத்துக்குள்ள என்னுங்க” என்கிறாள் மகள். வெளியாள் செய்திருந்தால் திருடன் என்று திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். வீட்டு மாப்பிள்ளையை என்னவென்று திட்டுவது?

அதனால் இதை எழுத்திலேயே தருகிறேன் மாப்பிள்ளை. அடுத்த பதிப்பில், அதே பக்கத்தில், ‘பாவு நடையை நடந்து காட்டி விளக்கம் சொன்னவர் என் மாமனார், நெசவாளி’ என்று என் பெயரைப் போடுங்கள். முன்னுரை நன்றியெல்லாம் எனக்கு வேண்டாம்.