அண்ணியும் ஆறு சிலிண்டரும்

கார் எஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி, அதன் நுனியில் தொங்கும் ஒரே ஒரு சொட்டு எண்ணெயை வடிதாளின் நடுவில் வைத்துவிட்டு அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த ஐந்து நிமிடம் யாரும் குறுக்கே பேசக் கூடாது. சொட்டு தாளில் ஊறி வளையம் வளையமாக விரிகிறது. நடுவில் கறுப்பு, அதைச் சுற்றிப் பழுப்பு, ஓரத்தில் மெல்லிய மஞ்சள். "கரி கொஞ்சம் ஏறியிருக்கு. தண்ணி கலக்கல, பெட்ரோலும் கலக்கல. இன்னும் ஒரு மாசம் ஓடும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தாளின் மூலையில் தேதியும் கிலோமீட்டரும் எழுதிக் கோப்பில் சேர்க்கிறார். பதினொரு வருடத்துச் சொட்டுகள் அந்தக் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. அண்ணனுடைய கல்யாண ஆல்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

என் அண்ணி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். வாரத்தில் ஐந்து நாள் மனிதர்களின் ரத்தம், மிச்ச நாளில் காரின் எண்ணெய். என்னைவிட இரண்டு வயது மூத்த ஜெர்மன் கார் அது. யாருடைய கொட்டகையிலோ கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் அதைத் தேடிப் பிடித்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியவர் அண்ணியேதான். அண்ணன் இன்றுவரை சம்பந்தி வீட்டுப் பெரியவரிடம் நிற்பதுபோல் அதன் அருகில் கொஞ்சம் ஒதுங்கியே நிற்பார். நான் மாடியில் குடியிருக்கிறேன். டார்ச் பிடிப்பது என் பொறுப்பு. அதைக்கூடச் சரியாகப் பிடிப்பதில்லை என்று பெயர்.

ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சின். முதல் பிஸ்டன் மேலே ஏறும்போது ஆறாவதும் ஏறும். இரண்டுக்கு ஐந்து ஜோடி, மூன்றுக்கு நான்கு ஜோடி. ஒன்றின் உதறலை மற்றது விழுங்கிவிடுவதால் வண்டி நடுங்குவதே இல்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டை ஏழு இடங்களில் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். சிலிண்டர்களில் பெட்ரோல் எரியும் வரிசை ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு. வெங்காயம் நறுக்கும்போதுகூட அண்ணி இதை முணுமுணுப்பதை நான் கேட்டிருக்கிறேன். "மத்த வண்டி ஓடுறது காதுல விழும் தம்பி. இது ஓடுதான்னு தொட்டுத்தான் பாக்கணும்" என்பார்.

வால்வுக்கும் அதை அழுத்தும் டேப்பட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி பார்ப்பது காலையில்தான், எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த பிறகு. காற்றை உள்ளே இழுக்கும் வால்வுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, புகையை வெளியே தள்ளும் வால்வுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. அந்த இடைவெளிக்குள் விட்டு அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு எந்த அளவுக்குப் பிடிக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். ஊசி நரம்பில் ஏறும்போது விரலுக்கு ஒன்று தெரியுமே, அந்த அளவு என்றார். எனக்கு அது உதவவில்லை.

இப்படித் தாங்கித் தாங்கி வளர்த்த வண்டி, போன மாதம் தகுதிச் சோதனையில் தோற்றுப்போனது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலமாகப் புகை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை வரச் சொன்னார்கள். அதிலும் தோற்றால் பதிவு ரத்து, வண்டி உடைக்கப் போய்விடும். பட்டறைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இந்த எஞ்சினை இறக்கிவிட்டு வேறு சின்ன எஞ்சின் வைத்துவிடலாம் என்று உதட்டைப் பிதுக்கினார். அண்ணி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, ஆறு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தார். ஆறும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. அப்படியானால் ரிங் நன்றாக இருக்கிறது, வால்வைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்தான் இறுகிப்போய் ராத்திரியில் எண்ணெய் கசிகிறது. பன்னிரண்டு சீலையும் எஞ்சினின் தலையைக் கழற்றாமலே மாற்றுவது என்று முடிவாயிற்று.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாகத் துணி காயப்போடும் கயிற்றை உள்ளே திணிக்க வேண்டும். பிறகு எஞ்சினைக் கையால் திருகினால் பிஸ்டன் மேலே வந்து கயிற்றைச் சுருட்டி வால்வுகளுக்கு முட்டுக் கொடுக்கும். ஸ்பிரிங்கை எடுத்தாலும் வால்வு கீழே விழாது. ஒவ்வொரு வால்வையும் பிடித்து நிறுத்துபவை பிறை வடிவத்தில் இரண்டு லாக். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. நழுவாமல் இருக்க விரல் நுனியில் கிரீஸ் தொட்டுக்கொண்டு, ஒரு வால்வில் எடுத்த இரண்டு லாக்கையும் ரத்தம் பிடிக்கும் ஒரு குழாயில் போட்டு, மூடி, எண் ஒட்டி வைத்தார் அண்ணி. திங்கட்கிழமை காலை சோதனை. சனிக்கிழமை மதியத்துக்குள் ஆறு வால்வு முடிந்துவிட்டது.

ஏழாவது குழாயைத் திறந்து கவிழ்த்தபோது ஒரு லாக்தான் விழுந்தது.

எண்ணெய் கீழே இறங்கும் துளைகளையெல்லாம் அண்ணி துணி வைத்து அடைத்திருந்தார். அதில் ஒரு துணி லேசாக விலகியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. லாக் அந்த வழியாக உள்ளே போய், வால்வுகளை இயக்கும் சங்கிலியில் சிக்கினால் எஞ்சின் கதை முடிந்தது. தரையைச் சலித்தோம். காந்தத்தைக் கம்பியில் கட்டித் துளைக்குள் விட்டுத் துழாவினோம். எண்ணெயை வடித்து மெல்லிய துணியில் வடிகட்டினோம். நான் காருக்கு அடியில் தவழ்ந்து போய் அண்ணனுடைய சட்டைப் பொத்தான் இரண்டைக் கண்டெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் பொறுமை இழந்தார். கையில்தான் உபரி லாக் இருக்கிறதே, அதைப் போட்டு மூடிவிடலாம், தொலைந்தது தொண்ணூற்றொன்பது சதவீதம் தரையில்தான் எங்கோ கிடக்கும் என்றார். வண்டியே போய்விடுமே என்ற கவலைதான் அவருக்கு.

"தொண்ணூத்தொம்பது சதவீதம் சரியா இருக்கும்னு நான் ஒரு ரிப்போர்ட் குடுத்தா நீங்க வாங்கிப்பீங்களா?" என்றார் அண்ணி. "வண்டி போனா போகட்டும்ங்க. தெரிஞ்சே உள்ள இரும்பை விட்டு இதை ஓட்ட மாட்டேன்."

குரல் உயரவே இல்லை. ஆனால் சொல்லிவிட்டுத் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. பதினொரு வருடத்தில் அந்தக் காரின் பக்கத்தில் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு செய்ததுதான் எனக்கு மறக்காது. பரிசோதனைக் கூடத்தில் கணக்கு இடித்தால் நோயாளியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தன் கையைச் சந்தேகப்படுவார்களாம். முக்காலியை இழுத்துப் போட்டு எஞ்சின் முன்னால் உட்கார்ந்தார். வெறுங்கையால், முதல் வால்விலிருந்து, செய்த வேலை முழுவதையும் திரும்பச் செய்தார். இல்லாத ஸ்பிரிங்கை அழுத்தினார், இல்லாத லாக்கை எடுத்தார், இல்லாத குழாயில் போட்டு மூடினார். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே தலையை இழுத்துக்கொண்டார். ஏழாவதில், மூடியை அழுத்திய கட்டைவிரல் அப்படியே நின்றது.

கழற்றிய மூடிகள் ஒரு கிண்ணத்தில் கிடந்தன. ஏழாம் எண் மூடியை எடுத்துத் திருப்பினார். உட்குழிவில் கிரீஸோடு அப்பிக்கொண்டு லாக் இருந்தது.

"தப்பு என்னோடதுதான்" என்று அண்ணனிடம் சொன்னார். "திறந்த டியூபை மூடாம வெக்கக் கூடாதுன்னு கை பழகிப்போச்சு. விரல்ல ஒட்டினது மூடிக்குள்ள போயிருக்கு."

ஊரில் எந்த மெக்கானிக்கும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். இப்படிக் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அண்ணன் அந்த லாக்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, இரண்டு கையாலும் அண்ணியிடம் நீட்டினார். இருட்டுவதற்குள் மிச்ச வால்வுகளும் முடிந்தன.

திங்கட்கிழமை சோதனை மைதானத்தில் நீண்ட வரிசை. எங்கள் முறை வருவதற்குள் எஞ்சின் நன்றாக ஆறிவிட்டது; புகை வருவதாக இருந்தால் இப்போதுதான் வரும். போன தடவை புகையில் இருமிய அதே அதிகாரிதான். இந்தத் தடவை முன்னெச்சரிக்கையாகக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அண்ணி சாவியைத் திருகினார். அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டதா என்று என்னைக் கேட்டார். ஆகிவிட்டது என்றேன். புகை பார்க்கும் கருவியைக் குழாயில் நுழைத்து, அளவைக் குறித்து, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தாளில் கையெழுத்துப் போட்டார்.

"முடிஞ்சுதும்மா, ஆஃப் பண்ணிடுங்க."

அண்ணி ஆஃப் பண்ணவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்பக்கம் போய், பானெட்டை முழுவதுமாகத் தூக்கி நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்படி ஒரு பக்கமாக விலகி நின்றார்.