பிடித்த வரியும் பட்டுப்புடவையும்

பேகம்பேட்டில், பழைய விமான நிலையத்துக்குப் போகிற சாலையின் பின் சந்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. வருமான வரிக் கணக்கு போட்டுத் தருவது தொழில். ஃபெலிக்ஸ் என்று கேட்டால் டீக்கடைக்காரர் கை காட்டுவார். இத்தனை வருஷம் ஊரார் வரியைப் பார்த்ததில் அரசாங்கத்தின் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் குறைந்துபோய்விட்டது. வீட்டு மனுஷர்கள் மேல்தான் ஏறிக்கொண்டே போகிறது. கல்பகம் அம்மாவின் கதையைக் கேட்டால் உங்களுக்கும் ஏறும்.

என் கடைக்கு மேல் மாடியில் ஒரு பல் ஆஸ்பத்திரி. காலையிலிருந்து மத்தியானம் வரை அங்கே வரவேற்பு மேசையில் உட்காருபவர் கல்பகம் அம்மா. அறுபதைத் தாண்டியவர். எங்கள் குடும்பத்தைப் போலவே அவர்களுடையதும் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டது. அவர் கணவர் வெங்கடராமன் ராணுவப் பட்டறை அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து காலமானவர். அந்தக் குடும்ப பென்ஷன் மாதம் பதினைந்தாயிரம் சொச்சம் வருகிறது. பல் டாக்டர் கொடுப்பதும் பதினைந்தாயிரம்தான். ஆனால் அதில் பத்து சதவீதத்தை வரி என்று பிடித்துக்கொள்வார். சம்பளம் என்று எழுதினால் பி.எஃப். கட்ட வேண்டிவரும் என்று, அந்த அம்மாவைக் கணக்கில் 'ஆலோசகர்' என்று காட்டியிருந்தார். அடுத்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைத் தவிர கல்பகம் அம்மா அங்கே யாருக்கும் எந்த ஆலோசனையும் சொன்னதில்லை.

ஒரு ஜூலைக் கடைசியில் டீ குடிக்க இறங்கி வந்தவர் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார்.

"மாசாமாசம் ஆயிரத்தைந்நூறு சர்க்காருக்குப் போயிடுது தம்பி. மூணு வருஷமா போவுது."

"உங்க வருமானத்துக்கு வரியே கிடையாதும்மா. ரிட்டர்ன் போட்டா மொத்தமும் திரும்ப வரும். வருஷத்துக்குப் பதினெட்டாயிரம்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "பதினெட்டா? அப்ப நஸ்ரின் வீட்டு ரூமுக்கு அட்வான்ஸ் ஆச்சே!"

நஸ்ரின் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அல்வாலில் அவருக்கு ஒரு மாடி வீடு. அதில் மொட்டை மாடியை ஒட்டி ஒரு அறை காலியாக இருந்தது. வாடகை ஆறாயிரம், இரண்டு மாத அட்வான்ஸ். கல்பகம் அம்மாவும் அல்வாலில்தான் மகன் ரஞ்சனோடு இருந்தார். அவருக்கென்று இருந்த அறை, ரஞ்சன் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்க ஆரம்பித்ததும் அவனுடைய ஆபீஸாகிவிட்டது. இவருக்கு ஹாலில் திவான். மற்றவர்கள் டி.வி. பார்த்து முடித்த பிறகுதான் காலை நீட்ட முடியும். தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டும், அதற்கு மேல் அவருக்கு ஒரு ஆசையும் இல்லை.

மாதம் முப்பதாயிரம் வருகிறவருக்கு அட்வான்ஸ் கொடுக்க வழியில்லையா என்று கேட்பீர்கள். பென்ஷனும் சம்பளமும் போய் விழுவது அம்மா, மகன் இரண்டு பேர் பெயரிலும் இருந்த கணக்கில். ஏ.டி.எம். கார்டு ரஞ்சன் பர்ஸில். இவர் பஸ் செலவுக்குக் கேட்டு வாங்கிக்கொள்வார். பாங்க், ஆதார், பான் கார்டு என்று எங்கே போன் நம்பர் கேட்டாலும் அவன் நம்பர்தான். வெங்கடராமன் போன புதிதில் பென்ஷன் ஆபீசில் அவனே எழுதிக் கொடுத்தது. நம் ஜனங்களுக்கு இது ஒரு பெருமை. "எனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் பையன் பாத்துக்கறான்" என்று சொல்லாத விதவையை நான் பார்த்ததில்லை. கல்பகம் அம்மாவும் என்னிடமே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

கம்ப்யூட்டரில் அவருடைய பான் நம்பரைத் தட்டினேன். ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று வந்தது. உள்ளே போக ஓடிபி வேண்டும். அது போவது ரஞ்சன் போனுக்கு. என் போனில் அவனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ரஞ்சன், உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுப்பா."

"எதுக்கும்மா ஓடிபி? யாரு கேட்டது? ஃப்ராடா இருக்கப்போவுது."

"ஃப்ராடெல்லாம் இல்ல. ஃபெலிக்ஸ் தம்பி கடையில இருக்கேன். பிடிச்ச டாக்ஸ் திரும்ப வருமாமே, அதுக்கு."

"ஓ, அதுவா? அதை நான்தான் வருஷா வருஷம் போடறேனே. என் ஆடிட்டர் பண்றார். இந்த வருஷத்துது போன வாரமே வந்துடுச்சு."

"வந்துடுச்சா? எங்க?"

"நம்ம அக்கவுண்ட்லதான். கார் இ.எம்.ஐ. போவுதுல்ல. தீபாவளிக்கு உனக்குப் பட்டுப்புடவை எடுக்கறேனே, அதுவும் அதுலதான். நீ ஏம்மா டென்ஷன் ஆகறே? மீட்டிங்ல இருக்கேன், வைக்கறேன்."

அவன் குரலில் ஒளிவு மறைவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திருடினவனாக இருந்தால் கொஞ்சமாவது தடுமாறியிருப்பான். இவன் தன் பணத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினான்.

அந்தப் புடவைகள் எனக்கும் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கு மறுநாளும் புதுப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரி முழுக்கக் காட்டிவிட்டு, ஸ்வீட் டப்பாவோடு என் கடைக்கும் வருவார். "ரஞ்சன் எடுத்தது தம்பி, நான் நக்கோ நக்கோன்னேன், கேக்கல" என்பார். எங்கள் ஊர்ப் பேச்சில் நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம். பையன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நானும் வாய் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

கல்பகம் அம்மா அழவில்லை. "அப்ப சர்க்கார் ஒழுங்கா குடுத்துட்டாங்க, ஹவ்வா?" என்று மட்டும் கேட்டார்.

"ஹவ்மா. மூணு வருஷமும் குடுத்துட்டாங்க."

நஸ்ரினின் அறைக்கு ஒரு ஜோடி குடி வந்தது. அந்தத் தீபாவளிக்கும் ரஞ்சன் பட்டு எடுத்தான். மாம்பழக் கலர். இந்தத் தடவை இவர் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

தை பிறந்ததும் நான் விடவில்லை. ஒரு பட்டன் போன் வாங்க வைத்தேன். ஆதாரில் நம்பர் மாற்றப் போனால், பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல் மெஷினில் பதியவில்லை. திரும்பத் திரும்பப் போய்த்தான் வேலை முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து பாங்கில் அவர் பெயரில் மட்டும் ஒரு கணக்கு. சம்பளத்தையும் இதிலேயே போடச் சொல்லுங்கள் என்றேன். "நக்கோ தம்பி. அவன் லோன் கட்டணும். டாக்ஸ் காசு மட்டும் இதுல வரட்டும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்கு டீ கூடச் சொல்லவில்லை.

ஜூன் மாதம் என் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அந்த பட்டன் போன் ஒலித்தது.

"அம்மா, ஆதார்ல நம்பர் மாத்திட்டியா? சொல்லவே இல்ல. சரி, உனக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லு."

"எதுக்குப்பா?"

"டாக்ஸ் விஷயம்மா. உனக்குப் புரியாது."

"நானே போட்டுக்கறேன்பா."

"சரி, உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டான். அந்த ஓடிபி எவ்வளவு நேரம் செல்லும் என்று என்னிடம் கேட்டார். கொஞ்ச நேரம்தான் என்றேன். அது செத்துப்போகும் வரைக்கும் இரண்டு பேரும் டீ குடித்தோம். அப்புறம் அவருடைய ரிட்டர்னை நான் போட்டேன்.

ஆகஸ்டில் பணம் வந்தது. நஸ்ரின் வீட்டு ஜோடியும் பட்டான்செரு பக்கம் வேலை கிடைத்துக் காலி செய்துவிட்டது. இனி என்ன, போய்விட வேண்டியதுதானே? இவரோ, "தீபாவளி போகட்டும் தம்பி" என்றார்.

"கைக்குமா, எதுக்கு? ஹால்ல படுத்துப் படுத்து ருசி கண்டுட்டீங்களா?" என்று சீறினேன். நல்ல மனுஷி நஸ்ரின், யாருக்கும் கொடுக்காமல் அறையைப் பூட்டியே வைத்திருந்தார்.

தீபாவளிக்கு மறுநாள் ஸ்வீட் டப்பாவோடு வந்தார். பழைய நூல் புடவை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "புதுப் பட்டு எங்கேமா?" என்று கேட்டுவிட்டேன்.

"இந்த வருஷம் கை டைட்டாம்." டப்பாவை மேசையில் வைத்தார். "மருமகளுக்கு எடுத்தான். பேத்தி அக்ஷதாவுக்கு ரெண்டு டிரெஸ் எடுத்தான்."

அவரே சொன்னார்: "பணம் என்னோடதா இருந்தா என்ன, அம்மாவுக்கு ஒண்ணு எடுக்கணும்னு தோணினது அவன் மனசுதானேன்னு நெனச்சுட்டு இருந்தேன் தம்பி. அதைப் பாத்துட்டுப் போலாம்னுதான் இருந்தேன்."

ஆகஸ்டிலிருந்து அவர் எதற்குக் காத்திருந்தார் என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. போன வருஷம் டாக்ஸ் காசில் கார் லோனுக்குப் போனது போக மிச்சத்தில் வந்த புடவை, இந்த வருஷம் மிச்சம் இல்லாததால் வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பையனை அன்றைக்கு என் கையில் யாராவது கொடுத்திருந்தால் நான் இப்போது ஜெயிலில் இருப்பேன்.

"நஸ்ரினுக்கு அட்வான்ஸ் அனுப்பணும்," என்றார். "அடுத்த மாசத்திலேர்ந்து சம்பளமும் என் அக்கவுண்ட்லயே வரட்டும். டாக்டருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு."

கம்ப்யூட்டரில் பாங்கைத் திறந்து, தொகையை அடித்தேன். அவர் மடியில் இருந்த பட்டன் போன் ஒருமுறை ஒலித்தது. கல்பகம் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓடிபியைத் தானே படித்து, ஒவ்வொரு எண்ணாக என் கீபோர்டில் அழுத்தினார்.